பார்த்துக்கொண்டே இருந்தவர்

அவரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், வாங்கிக்கொண்டு முதலில் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார். பொருளைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஒருமுறை, சாய்த்து ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை பார்ப்பார். அதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். "எப்படிண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டால், "இருங்க, பாக்கலாம்" என்பார். அதில் எரிச்சலோ மிதப்போ இருக்காது. குழந்தை ரோட்டில் இறங்கப் போனால் சட்டென்று குறுக்கே கை நீட்டுவோமே, அந்த மாதிரிதான் அவர் அதைச் சொல்வார்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே வரிசையில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்துவிட்டோம். அடுத்த வீட்டில் அவரும் மல்லிகா அக்காவும். இருவரும் ஊத்தங்கரைப் பக்கம். அக்கா பிறந்தது கல்லாவி. பிள்ளை இல்லை. அவரும் என் வீட்டுக்காரரும் சிப்காட்டில் ஒரே கம்பெனி. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற இடம். என் வீட்டுக்காரர் அசெம்பிளியில். அவர், வெளியிலிருந்து வந்து இறங்கும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுகிற இன்ஸ்பெக்‌ஷனில்.

அங்கே சோதித்த சரக்கின்மேல் ஒரு சீட்டு கட்டுவார்களாம். பச்சை கட்டினால் உள்ளே போகலாம். சிவப்பு கட்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். மஞ்சள் கட்டினால் 'ஹோல்டு'. அப்படியே நிறுத்தி வை, முடிவு பிறகு. கம்பெனியில் மஞ்சள் சீட்டு அதிகம் செலவாவது அவர் கையால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு தடவை வந்து இறங்கிய வார்ப்புகளுக்கு அவர் மஞ்சள் கட்டிவிட்டார். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. என்ன குறை என்று கேட்டால், "கண்ணுக்கு ஏதோ புடிக்கல" என்றிருக்கிறார். இரண்டு நாள் லைன் நின்றது. மேனேஜர் அவர் மேஜைக்கே வந்து கத்திவிட்டுப் போனார். இவர் சீட்டை அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே பட்டாணி அளவுக்கு ஓட்டை ஓட்டையாக இருந்ததாம். வண்டியில் ஏறியிருந்தால் ஏதோ ஒரு இறக்கத்தில் பிரேக் விட்டுப் போயிருக்கும். அந்த வருஷம் மேடைக்குக் கூப்பிட்டு அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதையும் மாட்டாமல் ரொம்ப நாள் வைத்திருந்தார். எந்தச் சுவரில் மாட்டுவது என்று முடிவாகவில்லை. அக்கா ஒருநாள் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

மல்லிகா அக்கா அவருக்கு நேர் எதிர். காய்கறி வண்டிக்காரனிடம் போனால் பை நிரம்பி வந்துதான் நிற்பார். "சொத்தைன்னா அறுத்துப் போட்டுட்டுச் செய்யறது. கத்தி எதுக்கு இருக்குது?" என்பார். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் முடித்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், கோர்ட்டுக்குப் போகிற மனு எல்லாம் அடித்துக்கொடுக்கும் வேலை. கடை இரண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். உதடு வெளுத்து, நெஞ்சுக்குழி ஏறி ஏறி இறங்கியது. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல. சின்ன வயசுல காய்ச்சல் வந்து கெடந்தேனாம், அதுலருந்தே மூச்சு பத்தாது" என்று, மற்றவர்கள் முழங்கால் வலியைச் சொல்வதுபோல் சொன்னார்.

கடைக்காரர் நல்ல மனிதர். "வீட்ல ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வெச்சுக்கங்கம்மா. வேலையை ஆள்கிட்டக் குடுத்தனுப்பறேன். அடிச்சு பிளாப்பியில போட்டு அனுப்பிடுங்க. நீங்க இந்தப் படி ஏற வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதும் இவரும் உடனே தலையாட்டினார். "வாங்கிடலாம். எது வாங்கறதுன்னு பாக்கலாம்" என்றார். அப்போது பென்டியம் ஃபோர் என்ற புராசசர் புதிதாக வந்திருந்த சமயம்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் பெங்களூர் போனோம். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெரு. கடைக்குக் கடை அவர் கேட்ட கேள்வியில் கடைக்காரப் பையன்களுக்கு வியர்த்துவிட்டது. பென்டியம் த்ரீ வாங்கினால் எத்தனை வருஷம் தாங்கும், செலிரானில் என்னத்தைக் குறைத்து விலையைக் குறைத்திருக்கிறார்கள், அத்லான் சூடானால் எந்த மாதிரி ஃபேன் வேண்டும். எல்லாவற்றையும் அக்காவுக்கும் எனக்கும் புரிகிற மாதிரித் திருப்பிச் சொல்வார். "புராசசர்ங்கறது சமையல்காரன் மாதிரிம்மா. அடுப்பு, பாத்திரம் எவ்ளோ பெருசா இருந்தாலும் அவன் கைதான் கணக்கு" என்று சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. ஒரு கடையில் அக்காவுக்கு ஒன்று பிடித்துப்போய், "இதையே போட்டுடச் சொல்லுங்க" என்றார்.

"இரு மல்லிகா. இப்ப வந்திருக்கற ஃபோருக்கு, புராசசரைப் பொருத்தற குழி போர்டுல மாறப்போவுதாம். மாறிட்டா நாளைக்கி இந்த போர்டுல வேற எதையும் ஏத்த முடியாது."

"நாளைக்கி நான் என்னாத்துக்கு வேற ஏத்தப் போறேன்? பத்திரிக்கைதானே அடிக்கப் போறேன். என் வெரல் ஓடற வேகத்துக்கு இது ஓடாதா?"

"ஓடும். ஆனா தப்பா வாங்கிட்டோமேன்னு இருக்கக் கூடாதில்ல?"

கடைக்காரர் கன்னடமும் தமிழுமாக, "சார், குழி கிழி எல்லாம் மாறல்ல சார், யாரோ சும்மா ஹேள்றாங்க" என்று சத்தியம் செய்தார். இவர் விலைப் பட்டியலை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்படி ஏழு கடைப் பட்டியலோடு வெறுங்கையாய்த் திரும்பினோம். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

சில மாதத்தில் அந்தக் குழி மாறியே விட்டது. பேப்பரில் வந்ததை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அக்கா, "நல்லவேளை" என்றார். பிறகு, "சரி, இப்ப புதுக் குழியில வாங்கிடலாமில்ல?" என்றார். "புதுசு வந்தவொடனே வெல ஒசரமா இருக்கும். கொஞ்சம் எறங்கட்டும்" என்றார் அவர். அதுவும் இறங்கத்தான் செய்தது. அவர் சொன்னது ஒன்றாவது பொய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு என்றால் அரைமணியில் முடிவு சொல்லிவிடுவார். அதுதான் எனக்குப் புரியாதது. என் தம்பி ஊரில் பிரௌசிங் சென்டர் வைக்கிறேன் என்று பெங்களூரில் யாரோ ஒருவரிடம் புராசசரும் போர்டும் மலிவாக வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். அது எப்போதும் அவரிடம் இருக்கும். புராசசர் சில்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்த எழுத்துக்கும் இந்த எழுத்துக்கும் நடுவுல எடம் ஒரே மாதிரி இல்ல பாருங்க. மேல இருந்ததைச் சொரண்டிட்டு வேற அடிச்சிருக்காங்க. மெதுவா ஓடறதை வேகமா ஓடறதுன்னு தலையில கட்டிட்டான்" என்றார். கூடவே பெங்களூர் போய், விற்றவன் எதிரில் லென்ஸை வைத்துக் காட்டி, பேசி, மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரைத் தேடி யாராவது வந்துவிடுவார்கள். பையனை காலேஜில் சேர்த்தவர்கள், கடை போடுகிறவர்கள். "நீங்க செலிரான் வாங்குங்க போதும்." "உங்களுக்கு அத்லான். நல்ல ஃபேனாப் போடச் சொல்லுங்க." எழுதியே கொடுப்பார். உள்ளே அக்கா அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை எழுந்து மாடிப்படி ஏறப் போவார்.

பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் சொல்றீகளேண்ணே, அக்காவுக்கு ஒண்ண வாங்கிப் போட்டா என்ன?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கெல்லாம் நான் சொல்றதோட சரிம்மா. வாங்கறது அவங்க. இது நானே வாங்கறது" என்றார்.

இதைச் சொன்னபோதுதான் அக்கா பழைய கதையைச் சொன்னார். கல்யாணமான மறு வருஷம் அக்கா உண்டானாராம். மூச்சு முட்டியிருக்கிறது. ஊரில் ஒரு டாக்டரிடம் போனார்கள். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு பெற முடியாது, கலைத்துவிடலாம் என்றார் அந்த டாக்டர். இவர் அந்த நிமிஷமே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னால் சேலத்தில் வேறொரு டாக்டர், பக்குவமாகப் பார்த்திருந்தால் பெற்றிருக்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "அன்னிக்கி திரும்பி வர்ற பஸ்ஸுல ஒரு வார்த்தை பேசல. அப்பறம் இப்பிடி ஆயிட்டாருன்னு நான் நெனச்சுக்கறேன்" என்றார் அக்கா. உடனே அவரே சிரித்தார். "எங்க மாமியாரைக் கேட்டா, அவன் சின்னப் புள்ளையிலயே ஒரு மிட்டாய் வாங்க ஒரு மணி நேரம் நிப்பான்னுவாங்க. எது நெசமோ."

நான் அப்போது பூப்பண்ணையில் ரோஜாத் தண்டுகளை நீளம் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குளிர் அறையில் நின்றுகொண்டு ஒரு பூவை ஒரே பார்வையில் இந்தக் கட்டா அந்தக் கட்டா என்று தள்ள வேண்டும். தப்பாகத் தள்ளினால் திட்டு விழும். ஆனாலும் கை நிற்கக் கூடாது. அதனாலோ என்னவோ அவரைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பதைப்பு வர ஆரம்பித்தது. அவர்மேல் பிரியமும் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது, தினமும் ஷிஃப்ட் முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, மாத்திரை அட்டையில் ஒவ்வொன்றின் தேதியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. படுத்தால் மூச்சு வராமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். செலவைக் கம்பெனி வழியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பயமில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வால்வில் இரண்டு வகை உண்டு. உலோகத்தில் செய்தது காலத்துக்கும் உழைக்கும். ஆனால் ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இன்னொன்று திசுவில் செய்தது. அந்த மாத்திரைத் தொல்லை இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம்.

அக்கா யோசிக்கவே இல்லை. "இரும்பே போட்டுடுங்க டாக்டர். மாத்திரைதானே, முழுங்கிக்கறேன்" என்றார்.

இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சார், இதுல இன்னும் புதுசா ஏதாச்சும் வரப்போவுதுங்களா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வந்துகிட்டேதான் இருக்கும். ஆனா அதுவரைக்கும் இவங்க காத்திருக்க முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னது எனக்குத் தெரிந்த வார்த்தைதான், "பாக்கலாம்." வேலூருக்குப் போய்ப் பார்த்தார்கள். சென்னைக்கு ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டார். புத்தகத்திலிருந்து நகல் எடுத்து வந்தார். ஒரு தாளை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதினார். கேட்ட டாக்டர்கள் எல்லாருமே, எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தச் 'சீக்கிரம்' மட்டும் அவர் தாளில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

மாடிப்படி ஏற முடியாமல் அக்கா கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு வியாதியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "மல்லிகா, இனிமே ஒரே சில்லுக்குள்ள ரெண்டு புராசசர் வரப்போவுது. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. அது வந்தவொடனே வாங்கிடலாம்" என்றார். உண்மையான ஆசையோடுதான் சொன்னார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, உங்களுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டார்.

"என்னா பேச்சு இது?"

"இல்ல, கேட்டேன்."

மறுநாள் காலையில் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் அக்கா என் கதவைத் தட்டினார். நான் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிட்டேன். ஓசூரில் தரைத்தளத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். "எது ரெடியா இருக்குது?" என்று கேட்டார் அக்கா. ஒரு செலிரான் மெஷின் யாருக்கோ போட்டு, கேட்டவர் வராமல் நின்றிருந்தது. தமிழ் எழுத்து ஏற்றச் சொல்லி, உட்கார்ந்து இரண்டு வரி அடித்துப் பார்த்தார். வேலை முடிந்தது. மத்தியானம் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் பயந்துகொண்டுதான் பக்கத்தில் இருந்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரைமணி ஆயிற்று. அக்கா சுவரில் சாய்ந்தபடி, "என்னா சார், பச்சையா, செவப்பா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர். தகட்டை மூடித் திருகிக்கொண்டே, "ரொம்ப நல்லாவே இருக்குது மல்லிகா" என்றார் மறுபடி. அவர் உள்ளே போனபிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதே மாதிரி ஒருநாள் நானே போயி வால்வையும் மாட்டிக்கிட்டு வந்துடறேன் பாரு" என்றார். நானும் சிரித்தேன். அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெங்களூருக்கு போன் போட்டு அவரே தேதியும் கேட்டு வைத்தார். சித்திரை கழிந்து என்றார்கள். இவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. "சரி, வேலூர்ல ஒரு கேள்வி கேட்டிருக்கறன், பதில் வரட்டும், அதுக்குள்ள வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பங்குனி கடைசியில் ஒருநாள் விடிந்து பால் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஓடிவந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வாயோரம் நுரை. வீட்டுக்கார அம்மா ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றி, நான் அக்காவை மார்பில் சாய்த்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மெயின் ரோடு வந்ததும் டிரைவர் திரும்பி, "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார்.

"இருங்க" என்றார் அவர். "பெரியாஸ்பத்திரியில இந்நேரம் ஹார்ட்டு டாக்டர் இருப்பாரான்னு தெரியல. பிரைவேட்டுன்னா மெஷின் இருக்கும், ஆனா... நேரா பெங்களூரே போயிட்டா? இருங்க, ஒரு நிமிசம்."

ஆட்டோ நின்ற இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அக்காவின் கை என் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. பேச முடியவில்லை. கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பியிருந்தார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எது பக்கமோ அங்க விடுங்கண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் திரும்பினார்கள். டிரைவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை.

நாங்கள் நின்றது மிஞ்சிப் போனால் இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சொன்னார். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, இது பல மாதமாக ஏறிவந்த வினை என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கல்லாவியில் அக்காவின் தம்பிக்கு, அவர் வீட்டுப் பக்கத்துக் கடை நம்பரில் என் வீட்டுக்காரர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். மத்தியானம் மூன்று மணி ஆகும் என்றார்கள். கம்பெனி ஆட்கள் வந்து பந்தல் போட்டார்கள். அவர் அக்காவின் தலைமாட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வெளியே வந்து, "எடுத்துடலாம்" என்றார்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. ஒரு பெரியவர், "மச்சான் வரணுமில்ல? பொறந்த ஊட்டுக் கோடி போடாம எப்பிடிப்பா?" என்றார்.

"வேணாம். எடுத்துடலாம்."

"மூணு மணிக்கு வந்துடுவாரு. கொஞ்சம் பொறு..."

"இப்பவே எடுக்கணும்." குரல் உயரவில்லை. ஒரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் காக்க வைத்த மனுஷனுக்கு, கூடப் பிறந்தவன் வந்து சேரும்வரை அக்காவைக் காக்க வைக்கத் தெரியவில்லையே என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்கார அம்மா என் வாயைப் பொத்தினார்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வீடு கழுவிவிட்டிருந்தது. ஈரம் காயவில்லை. அந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி வந்தார். கையில் துணிக்கடைப் பை. உள்ளே அக்காவுக்குப் போர்த்த வாங்கிய புடவை. காலியான பந்தலைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்று, "ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா மாமா உங்களால?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நின்றோம்.

"மூஞ்சி மாற ஆரம்பிச்சிருச்சு மச்சான்" என்றார். "மொதல்ல ஒதடு. அப்பறம் கண்ணுக்குக் கீழ. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ வர்றதுக்குள்ள அவளா இருந்திருக்க மாட்டா."

தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். தம்பி வெகுநேரம் அதைத் தொடவில்லை. பொழுது சாய்கிற சமயத்தில் எடுத்துக் குடித்தார். பிறகு புடவைப் பையோடேயே எழுந்து கிளம்பினார். யாரும் கூப்பிடாமலே அவரும் எழுந்து கூடப் போனார். ஏதாவது ஆகிவிடுமோ என்று என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார். பஸ் வரும்வரை இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்றார்களாம். கிருஷ்ணகிரி பஸ் வந்ததும் தம்பி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுபக்கம் பார்த்துக்கொண்டார். பஸ் கிளம்பிப் போனபிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.